லண்டன் சட்ட நிறுவனங்களின் வாட்சன்-கிளேசர் பரீட்சை: இன்ஃபரன்ஸ் பகுதியை எப்படிப் பிடிப்பது?

உப்புவெளிக்காரி:
வணக்கம். லண்டன் பல்கலைக்கழக எல்.எல்.பி.யை வெளிவாரியாக முடித்துவிட்டு, திருகோணமலையில் வீட்டில் இருந்தபடியே லண்டனிலுள்ள சட்ட நிறுவனங்களுக்கு ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் (சட்டத்தரணியாவதற்கான பயிற்சி இடம்) கேட்டு விண்ணப்பிக்கிறேன். விண்ணப்பம் போட்ட கையோடு வாட்சன்-கிளேசர் பரீட்சைக்கு லிங்க் அனுப்பிவிடுகிறார்கள். 30 நிமிடம், 40 கேள்வி, சட்டம் எதுவும் கேட்பதில்லை, வாசித்து யோசிப்பது மட்டும்தான். பயிற்சித் தாள்களில் மற்றப் பகுதிகள் பரவாயில்லை, இன்ஃபரன்ஸில்தான், அதாவது பந்தியை வைத்து ஒரு ஊகம் எவ்வளவு உண்மை என்று சொல்லும் பகுதியில்தான், புள்ளி குறைகிறது. ‘உண்மை’ என்று போட்டால் விடை ‘பெரும்பாலும் உண்மை’ என்கிறது, ‘பெரும்பாலும் உண்மை’ என்று போட்டால் ‘தரவு போதாது’ என்கிறது. விளக்கத்தை வாசித்தாலும் எல்லை எங்கே என்று பிடிபடவில்லை. கொழும்பில் போய் நின்று வகுப்பு எடுக்க வசதியில்லை. ஐந்து பகுதியையும் சமமாகச் செய்வதா, இதையே பிடித்துக்கொண்டு இருப்பதா? எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கிழக்குக்கரை:
தங்கச்சி, நானும் திருமலைதான், இப்போது லண்டனில் ட்ரெய்னி. இன்ஃபரன்ஸையே பிடியுங்கள். மற்ற நான்கு பகுதியிலும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும், ஐந்து விடை (உண்மை, பெரும்பாலும் உண்மை, தரவு போதாது, பெரும்பாலும் பொய், பொய்) உள்ளது அது ஒன்றுதான்.

நானே கட்டிய ஒரு பந்தி தருகிறேன், பாருங்கள். ‘உப்புவெளியில் ஒரு விடுதி. ஜூலை முழுக்க 20 அறையும் நிரம்பியிருந்தன. டிசம்பரில் எந்த நாளிலும் 6 அறைக்கு மேல் ஆட்கள் இல்லை. ஜனவரியில் உரிமையாளர் இரண்டு வேலையாட்களை நிறுத்தினார்.’ அவ்வளவுதான் பந்தி. இப்போது ஊகம்: மழையால்தான் டிசம்பரில் ஆட்கள் குறைந்தார்கள். நம்மூர்ப் பிள்ளை யோசிக்காமல் ‘உண்மை’ என்று போடும், ஏனென்றால் டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை நிலாவெளிப் பக்கம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஆனால் பந்தியில் மழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாடகையைக் கூட்டியிருக்கலாம், பக்கத்தில் புது விடுதி வந்திருக்கலாம். ஆகவே ‘தரவு போதாது’. அடுத்த ஊகம்: டிசம்பரில் அறை வருமானம் ஜூலையை விடக் குறைவு. வருமானக் கணக்கு பந்தியில் இல்லை, ஆனால் அது குறையாமல் இருக்க வாடகையை மூன்று மடங்குக்கு மேல் ஏற்றியிருக்க வேண்டும், அதுவும் ஆட்கள் இல்லாத மாதத்தில். அப்படி நடப்பது அரிது, எனவே ‘பெரும்பாலும் உண்மை’. டிசம்பரில் பாதிக்கு மேல் அறைகள் காலி என்று ஊகம் வந்தால் அது ‘உண்மை’, எண்ணே சொல்கிறது. வருடம் முழுக்க எல்லா அறையும் நிரம்பியிருந்தன என்றால் ‘பொய்’.

எல்லோருக்கும் தெரிந்த பொது அறிவை ‘பெரும்பாலும்’ விடைகளுக்குப் பாவிக்கலாம் என்று அறிவுறுத்தலிலேயே இருக்கும். எல்லோருக்கும் என்றால் திருமலையையே கேள்விப்படாத ஆளுக்கும். நீங்கள் தடுக்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஊகத்துக்கும் பந்தியில் எந்த வரி அதைத் தாங்குகிறது என்று விரலை வைத்துக் காட்டிப் பழகுங்கள். முதலில் நேரம் பார்க்காமல் செய்யுங்கள், கை பழகிய பிறகு கடிகாரத்தை வையுங்கள்.

மூதூர்ப்பையன்:
அக்கா, பரீட்சை தொடங்கினால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். வைஃபையை மட்டும் நம்ப வேண்டாம், போனில் டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட்டையும் ஆயத்தமாக வைத்திருங்கள். லிங்க் வந்தவுடன் திறக்கவும் வேண்டாம், கடைசித் திகதியைப் பார்த்து வீடு அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

பழைய சட்டத்தரணி:
பிள்ளை, நான் லண்டன் நிறுவனங்களைக் கண்டவன் இல்லை, ஆனால் மகனுக்காக இந்தத் தாள்களை வாங்கி முழுதாக வாசித்தேன். இது நல்ல பரீட்சை. நீதிமன்றத்தில் சாட்சி ‘அவர் ஓடுவதைக் கண்டேன்’ என்பார், அரைமணி நேரத்தில் எல்லோரும் அதை ‘தப்பி ஓடினார்’ என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இடைவெளியைக் காணத் தெரியாதவர் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. ஒப்பந்தம் வாசிப்பவருக்கும் அதே கண்தான் வேண்டும்.

இரண்டு விஷயம் சொல்கிறேன். டிடக்ஷனில், அதாவது தந்த கூற்றுகளிலிருந்து ஒரு முடிவு கட்டாயம் வருமா என்று கேட்கும் பகுதியில், ‘சில’ என்று வந்தால் குறைந்தது ஒரு பங்கு, எல்லாமாகவும் இருக்கலாம் என்றுதான் எடுக்க வேண்டும். ‘சில மீனவர்களிடம் இயந்திரப் படகு உண்டு’ என்பதிலிருந்து ‘சிலரிடம் இல்லை’ என்று வராது. பேச்சு வழக்கில் அப்படித்தான் எடுப்போம், அதனால்தான் பலர் விழுகிறார்கள். மற்றது ஆர்கியூமன்ட் பகுதி, ஒரு வாதம் வலுவானதா பலவீனமானதா என்று கேட்பது. சம்பூர் அனல் மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்படும் வரை நாங்கள் இங்கே எவ்வளவு கதைத்தோம்! அதுபோல மனதைத் தொடும் ஒரு கேள்வி வந்தால் உங்கள் பக்கத்தை மறந்துவிடுங்கள். சொன்ன காரணம் உண்மை என்றே வைத்துக்கொண்டு, அது கேள்விக்கு நேராகப் படுகிறதா, பாரமான காரணமா என்று மட்டும் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத பக்கத்திலும் வலுவான வாதம் இருக்கும்.

உப்புவெளிக்காரி:
மிக்க நன்றி, அண்ணா, ஐயா, தம்பி. விடுதிக் கேள்வியில் நானும் மழை என்றுதான் நினைத்தேன், இப்போது விளங்குகிறது. ஒரு சந்தேகம்: இன்டர்பிரிட்டேஷனிலும் பந்தி தந்து முடிவு கேட்கிறார்களே, அங்கேயும் ‘பெரும்பாலும்’ என்று யோசிக்கலாமா?

கிழக்குக்கரை:
இல்லை. அங்கே விடை இரண்டுதான், பின்தொடர்கிறது அல்லது பின்தொடரவில்லை. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தால்தான் முதலாவது. விடுதிப் பந்தியில் வருமானம் குறைந்தது என்ற முடிவை அங்கே கேட்டால் பின்தொடரவில்லை என்றுதான் போடுவேன், வாடகை எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லையே. பகுதி மாறும்போதெல்லாம் மேலே உள்ள அறிவுறுத்தலை ஒருக்கா வடிவாக வாசியுங்கள், அதற்கு நேரம் போனாலும் பரவாயில்லை. சில நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே இலவசப் பயிற்சித் தாள் போட்டிருக்கின்றன, காசு கொடுத்து வாங்குவதற்கு முதல் அவற்றை முடியுங்கள். பிழைத்த கேள்விகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.