ஆபீசில் வைப்ரேஷன் பிளேட்: எங்கே தவறுகிறது?

பிசியோதெரபிஸ்ட்:
வைப்ரேஷன் பிளேட் என்பது ஏறி நிற்பவரின் உடம்பை அதிர வைக்கும் தட்டு மெஷின். இதில் முதல் தவறு முட்டியில்தான். காலை விறைத்துக்கொண்டு நின்றால் அதிர்வு நேரே தலைக்கு ஏறும். பல் கடகடக்கும், பார்வை மங்கும். முட்டியை 20–30 டிகிரி மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொஞ்சம் தள்ளினால் தொடையும் கெண்டைக்காலும் அதை வாங்கிக்கொள்ளும். உச்சந்தலையில் கை வையுங்கள். நடுக்கம் தெரிந்தால் இன்னும் மடக்கணும்.

முதல் இரண்டு வாரம் 30 விநாடி ஆட்டம், 60 விநாடி ஓய்வு, 5 சுற்று போதும். பிறகு ஆட்டமும் 60 விநாடி. வாரம் 3 நாள், இடையில் ஒரு நாள் விட்டு. கைப்பிடியை இறுகப் பிடித்தால் சமநிலைக்கு வேலையே இல்லாமல் போகும். விரல் நுனி பட்டால் போதும். கெண்டைக்காலில் அரிப்பு வருவது சகஜம், நிறுத்தினால் அடங்கிவிடும். தலைச்சுற்றலோ மூட்டுவலியோ வந்தால் அன்றோடு இறங்கிவிட வேண்டும்.

கருவி பராமரிப்பவர்:
எந்த வகை மெஷின் என்று கேட்காமல் "எத்தனை ஹெர்ட்ஸ்" (விநாடிக்கு எத்தனை அதிர்வு) என்று பேசுவது வீண். தட்டு முழுசும் மேலும் கீழும் போகும் வகை ஒன்று. சீசா மாதிரி இடமும் வலமும் மாறி ஏறி இறங்குவது இன்னொன்று. இதில் நடு அச்சிலிருந்து பாதம் விலக விலக வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து தட்டு ஏறி இறங்கும் தூரம், கூடும். திரையில் அதே எண்தான், காலை அகட்டியவருக்கு அடி பலமாக விழும். பாதம் வைக்கும் இடத்தை டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

அதிர்வெண் இரட்டித்தால் முடுக்கம் நான்கு மடங்கு. 2 மி.மீ. வீச்சில் 12 ஹெர்ட்ஸ் சுமார் 1.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 1.2 மடங்கு), 24 ஹெர்ட்ஸ் 4.6 ஜி. விளம்பரத் தாளில் போடும் மி.மீ. நடுவிலிருந்து உச்சம் வரையா, அடியிலிருந்து உச்சம் வரையா என்று கேளுங்கள். இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். கனமானவர் ஏறினதும் மோட்டார் சத்தம் தாழ்ந்தால் வேகமும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மெத்தென்ற கம்பளத்தின் மேல் வைக்காதீர்கள், மெஷினே ஆடும்.

பணியிட நலப் பொறுப்பாளர்:
ஏறும் முன் ஒரு படிவம் கட்டாயம். கர்ப்பம், ரத்த உறைவு, சிறுநீரக அல்லது பித்தப்பைக் கல், பேஸ்மேக்கர், வலிப்பு, விழித்திரைப் பிரச்சினை, அண்மையில் எலும்பு முறிவு, புதிதாகப் பொருத்திய மூட்டு: இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர் சொல்லாமல் ஏற்றக் கூடாது.

பலன் தெரிய ஒற்றைக்கால் சோதனை வையுங்கள். வெறுங்கால், கண் மூடி, மூன்று முறையில் சிறந்த நேரம். நான்கு வாரம் கழித்து அதே வேளையில் மறுபடி. பிளேட்டிலிருந்து இறங்கிய கையோடு அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. கழுத்து, இடுப்பு வலிக்கு 0–10 மதிப்பெண் தனியாக எழுதட்டும். ஒன்று முன்னேறி மற்றது அப்படியே நிற்பது உண்டு.

பிசியோதெரபிஸ்ட்:
உட்கார்ந்தபடி செய்யலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். முட்டி மடக்கிக் கிடைக்கும் தணிப்பு அங்கே இல்லை, முதுகெலும்பு நேரடியாக வாங்கும். உட்கார்ந்த உடம்பு 4–8 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிர்ந்து கூடுதலாகக் குலுங்கும். மெஷின் நிற்கும்போதும் வேகம் அந்த எல்லையைக் கடந்துதான் இறங்கும். தட்டு முழுசா ஓயும்வரை முட்டியை நிமிர்த்தாதீர்கள்.