புதுப்பிப்பு: டாய்ச்லாண்ட் டிக்கெட்டிலேயே சால்ஸ்பர்க் போய் வந்தாச்சு

போன மாதம் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன். ஸ்டுட்கார்ட்டில் படிக்கும் நான், டாய்ச்லாண்ட் டிக்கெட்டை (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்களில் செல்லும் மாத பாஸ்) மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரை போக முடியுமா என்று. முடியும். எல்லை தாண்டினாலும் சால்ஸ்பர்க் மத்திய நிலையம் வரை அது செல்லும். வட்டார ரயில்களில் மட்டும்தான். ஐசிஇ மாதிரி வேக ரயில்களில் ஏறக் கூடாது. 2023-இல் 49 யூரோவுக்கு வந்த டிக்கெட், 2026 ஜனவரியிலிருந்து 63. இருந்தாலும் லாபம்தான்.

உல்ம், மியூனிக் என்று இரண்டு இடத்தில் மாறினோம். கூத்து நடந்தது அதற்கப்புறம். நாங்கள் ஏறிய ரயில் ரோசன்ஹைமில் இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி சால்ஸ்பர்க்குக்கு, பின்பாதி குஃப்ஸ்டைனுக்கு. நாங்கள் பின்பாதியில் உட்கார்ந்து நிம்மதியாகப் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்! எதிரே இருந்த பாட்டி பெட்டிக்குள் இருந்த திரையைக் காட்டினார். டப்பாவை மூடக்கூட நேரமில்லை, கையில் சோற்றோடு நடைமேடையில் ஓடினோம். ஏறும் முன் பெட்டியில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள்.

சால்ஸ்பர்க்கில் மிராபெல் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கெட்ரைடெகாசே தெருவில் 9-ஆம் எண் மஞ்சள் கட்டடம்தான் இசைமேதை மோட்சார்ட் பிறந்த வீடு. உள்ளே போகக் காசு, நாங்கள் வாசலோடு சரி.

திரும்பும்போது எல்லையை ஒட்டிய ஜெர்மன் ஊரான ஃபிரைலாசிங்கில் போலீஸ் ஏறிச் சோதித்தார்கள். பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி அட்டை இரண்டையும் கேட்டார்கள். நண்பன் பாஸ்போர்ட்டின் நகலைத்தான் கொண்டுவந்திருந்தான். பத்து நிமிடம் வியர்த்து, பிறகு விட்டார்கள்.