பிடித்த தேசிக்காயை விட முடியாத கை: பாரிசவாதத்துக்குப் பின்னான எங்கள் அனுபவங்கள்

கொக்குவிலிலிருந்து

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த கதையை நான் விரித்து எழுதவில்லை. இங்கே எழுதும் பலருடைய வீட்டிலும் அது நடந்திருக்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பின் மூன்று கிழமைகளாக நாங்கள் அவருக்குப் புட்டைக் குழைத்து ஊட்டினோம், தலை வாரினோம், பொத்தான்களைப் பூட்டிவிட்டோம். வலக்கை மடியில் ஒரு துவாயின் மேல் கிடந்தது. விரல்கள் சற்று அசைவதைக் கண்டிருந்தும், களைத்துப்போவார் என்று எண்ணி அந்தக் கையை நாங்கள் ஒரு வேலைக்கும் விடவில்லை.

பார்க்க வந்த இயன்மருத்துவர் அந்த உள்ளங்கையில் ஒரு தேசிக்காயை வைத்தார். விரல்கள் மூடிக்கொண்டன. "இப்ப விடுங்கோ அம்மா" என்றார். அம்மா விட முயல முயலப் பிடி இறுகியது. நகங்கள் வெளுத்தன, நெற்றி வியர்த்தது, தேசிக்காய் கையிலேயே இருந்தது. மூளையிலிருந்து வரும் கட்டளை நலிந்தால் விரலை மடக்கும் தசைகள் மேலோங்கிவிடுவதால், பிடிப்பதைவிட விடுவதே கடினம் என்று அவர் விளங்கப்படுத்தினார். பிறகு எங்களைப் பார்த்து, "நீங்கள் ஊட்டுற ஒவ்வொரு வாயும், அந்தக் கை தேவையில்லை எண்டு மூளைக்குப் படிப்பிக்குது" என்றார். அந்த வசனம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எட்வர்ட் டவுப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதனைக் குரங்குகளிடம் கண்டார். உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட கையைக் கைவிட்டிருந்த குரங்குகள், நல்ல கையைக் கட்டியதும் மற்றக் கையைப் பயன்படுத்தத் தொடங்கின. அம்மாவின் இடக்கைக்கும் துணியுறை போட்டோம். ஆறாவது கிழமையில் ஒரு காலை, பெருவிரல் மெல்ல விலகி, தேசிக்காய் உருண்டு அலுமாரிக்கு அடியில் போய் நின்றது.

சாவகச்சேரியிலிருந்து

மேலே எழுதியவரின் தாயார் தேறியது பெரும் மகிழ்ச்சி. ஆயினும் உறை போடுவது எல்லோருக்கும் பொருந்தும் என்று வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, அப்பாவின் நல்ல கையை நாங்கள் சால்வையால் கட்டினோம். மற்றக் கையில் ஓர் அசைவும் இருக்கவில்லை. தேநீர் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவர் குனிந்து, வாயைக் கோப்பையின் விளிம்புக்குக் கொண்டு போனார். வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த மனிதர். நான் ஓடிப்போய் சால்வையை அவிழ்த்தேன்.

222 பேரைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தது 10 பாகையாவது நிமிர்த்தக் கூடியவர்களுக்கே இந்த முறை கொடுக்கப்பட்டது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அப்பாவுக்கு நடுவில் கண்ணாடி வைத்து, நல்ல கையின் பிம்பத்தை விழுந்த கையாகக் காணச் செய்யும் பயிற்சியே தொடங்கப்பட்டது. அது தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் ராமச்சந்திரன் வழிவந்த முறை.

பருத்தித்துறையிலிருந்து

விழுந்தது நானே, இடப்பக்கம். வாசற்படியில் கால் நுனி தட்டித் தட்டி நின்றதும், மகள் பிடிக்க வந்தபோது "விடு பிள்ளை" என்று நான் கத்தியதும்தான் எனக்கு நினைவிலிருக்கும் முழுக்கதை. இரண்டு பேருக்கும் சில விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை. 2009 இல் வெளியான ஓர் ஆய்வு வட அமெரிக்க மறுவாழ்வு நிலையங்களில் ஓர் அமர்வில் கை சராசரியாக 32 தடவைகளே வேலை சார்ந்த பயிற்சி அசைவைச் செய்ததாகக் கண்டது. விலங்குகளின் மூளை மாறிய ஆய்வுகளிலோ நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவைகள் செய்விக்கப்பட்டன. ஆகவே ஒரு நாளில் பத்துத் தடவை செய்துவிட்டு "கை வரவில்லை" என்று சலிக்க வேண்டாம். எண்ணெய் பூசி உருவுவதை நான் பழிக்கவில்லை, ஆனால் பிறர் அசைத்துவிடும் கையைவிடத் தானே அசைய முயலும் கையிலிருந்துதான் மூளை அதிகம் கற்கிறது. வெறும் பயிற்சியைவிட வெங்காயம் உரிப்பதும் பூப்பறிப்பதும் மேல். எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும். அதேவேளை அவசரமும் கூடாது: 2015 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முதல் 24 மணித்தியாலத்துக்குள் நோயாளிகளை அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தது நன்மையைக் குறைத்தது. ஆறு மாதம் போனால் எல்லாம் முடிந்தது என்று எனக்கும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. வேகம் குறைகிறது என்பது உண்மை. நின்றுவிடுகிறது என்பது உண்மையல்ல. என் கால் இரண்டாம் ஆண்டில்தான் படியைத் தட்டாமல் ஏறியது.

கொக்குவிலிலிருந்து, மீண்டும்

சாவகச்சேரியிலிருந்து எழுதியவர் சொன்னது சரி. உறை போடுவதற்கு முன் அம்மாவின் மணிக்கட்டு எவ்வளவு நிமிர்கிறது என்று அளந்தார்கள்; அதை நான் எழுத மறந்தது என் பிழை. பின்னேரங்களில் களைத்தால் பழைய இறுக்கம் இப்போதும் வருகிறது. நேற்று வலக்கையாலேயே மாவைக் குழைத்தார். நீத்துப்பெட்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போது மட்டும் இடக்கை ஓடி வந்தது, நான் தடுக்கவில்லை.