தரைக்கடியில் இருக்கும் ஆரஞ்சுத் துணி: மாசு நீக்கிய ஆலை நிலங்களில் எங்கள் அனுபவங்கள்

2007 முதல் இரண்டு ஆண்டுகள், கிழக்கு லண்டனின் லீ பள்ளத்தாக்கில் ஒலிம்பிக் பூங்காவுக்காக நிலத்தைத் தூய்மைப்படுத்தியபோது, மண் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தேன். சுமார் 2.5 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த இடத்தில் நூறாண்டுகளுக்கு மேலாகத் தொழிற்கூடங்களும் குப்பை மேடுகளும் இருந்தன. குழி தோண்டும்போது தார் இருப்பதை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஈயத்துக்கும் ஆர்செனிக்குக்கும் வாசனை கிடையாது என்பதால், அவற்றுக்கு ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தோண்டிய மண்ணை 'மண் மருத்துவமனை' என்று அழைக்கப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோவார்கள். நச்சுப் பொருள்கள் பெரும்பாலும் நுண்ணிய களித்துகள்களில்தான் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மண்ணை நீரில் அலசி மணலையும் சரளையையும் பிரித்தெடுத்துவிட்டு, எஞ்சிய சேற்றை மட்டும் அப்புறப்படுத்தினால் போதும். இப்படித் தோண்டிய சுமார் 20 லட்சம் கன மீட்டர் மண்ணில் ஏறக்குறைய 80 விழுக்காடு அங்கேயே மறுபடி பயன்பட்டது. அதன்மேல் 60 சென்டிமீட்டர் தூய மண் பரப்பினார்கள். இரண்டுக்கும் நடுவே விரித்த ஆரஞ்சு நிறத் துணி, பின்னாளில் தோண்டுபவருக்கான எச்சரிக்கை.

'தூய்மையான நிலம்' என்பதற்குப் பொருள் பயன்பாட்டைப் பொறுத்து மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்தில் 2014இல் வெளியான வழிகாட்டு அளவுகளின்படி, காய்கறி வளர்க்கும் தோட்டமுள்ள வீட்டு மண்ணில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயமும், வணிக நிலத்தில் 2,330 மில்லிகிராமும் ஏற்கத்தக்கவை. அலுவலகம் செல்லும் பெரியவர், தோட்டத்தில் விளையாடும் குழந்தையைப் போல மண்ணை வாயில் வைப்பதில்லை அல்லவா! போட்டிகளின்போது ஊடக மையமாக இருந்த கட்டடம் இன்று ஹியர் ஈஸ்ட் என்ற பெயரில் தொழில் வளாகமாகி, அங்கே லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் லண்டன் வளாகமும் இயங்குகிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

*

மேலே எழுதிய ஐயா குறிப்பிட்ட ஆரஞ்சுத் துணியை நான் நேரில் பார்த்தது, வேறொரு ஊரில், என் சொந்தச் செலவில். பழைய நிலக்கரி வாயு ஆலை இருந்த இடத்தில் கட்டிய கூடம் ஒன்றை மசாலாப் பொடி பொட்டலமிடும் தொழிலுக்காகக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தரையை உடைத்து, முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் துணி கிழிந்து, தார் நெடியுடன் நீலம் பாய்ந்த மண் வெளியே வந்தது. அந்த நீலம், வாயுவைச் சுத்திகரித்தபோது மிஞ்சிய சயனைடு கலந்த கழிவு என்று ஆய்வுக்கு வந்த பொறியாளர் விளக்கினார்.

வேலை ஏழு வாரம் நின்றது. கிளறிய மண்ணைச் சோதித்து, உரிமம் பெற்ற கிடங்குக்கு அனுப்பியதும் என் தலையில்தான் விழுந்தது, ஏனெனில் ஒப்பந்தத்தில் தரைக்கு அடியில் யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை. உரிமையாளர் தந்திருந்தது இரண்டு பக்கச் சுருக்கம் மட்டுமே. தூய்மைப்படுத்திய பின் எழுதப்படும் சரிபார்ப்பு அறிக்கையை வரைபடங்களோடு முழுமையாகக் கேட்டு வாங்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். மண்ணிலிருந்து எழும் வாயு கட்டடத்துக்குள் வராமல் தடுக்கும் படலம் தரைக்கடியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இயந்திரத்தைத் தரையில் பொருத்த ஒரு போல்ட் துளையிட்டாலே அது ஓட்டையாகிவிடும்.

*

அந்த லீ பள்ளத்தாக்கில்தான் நான் கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தேன். பூங்காவுக்காக இடம்பெயர்ந்த 200க்கும் மேற்பட்ட தொழில்களில் எங்களுடையதும் ஒன்று. புதிய இடத்தின் வாடகை கட்டுப்படியாகாமல் மூன்றே ஆண்டுகளில் மூடிவிட்டேன் என்பதால், அங்கே எழுந்துள்ள கண்ணாடிக் கட்டடங்களைப் பாராட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் மண்ணைக் கெடுத்ததில் எங்களுக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். பட்டறைக்குப் பின்னால் எத்தனை கேன் பழைய எண்ணெயைக் கொட்டியிருப்போம் என்று எங்களுக்கே கணக்கில்லை. மாதிரி எடுத்த தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும்: எங்கள் பக்கத்து மண்ணில் எஞ்சின் ஆயில் இருந்ததா?

*

பல குழிகளில் இருந்தது, அண்ணா. எண்ணெய் ஊறிய மண்ணைக் குவியலாக்கிக் காற்றும் ஊட்டமும் கொடுத்தால் நுண்ணுயிரிகளே அதைத் தின்று தீர்த்துவிடும். எங்களுக்குச் சிரமம் கொடுத்தது ஈயமும் தாரும்தான்.