சுடுதண்ணீர் டேங்க் மெதுவாகச் சூடாகிறது, மஞ்சள் தூளும் வருகிறது. உதவுங்கள்

செந்தூல்வாசி:
ஹீட்டர் சூடாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முன்பு இப்படி இல்லை. மஞ்சளாகத் தூள் வருகிறது, உள்ளே சடசடவென்று சத்தம் வேறு. அம்மா நாளை ஈப்போவிலிருந்து வருகிறார், முட்டிவலிக்காரர். சீக்கிரம் சொல்லுங்கள்.

ராவாங் தம்பி:
எத்தனை லிட்டர், எத்தனை வாட்? தூள் சுடுதண்ணீரில் மட்டுமா, பச்சைத் தண்ணீரிலுமா?

கெப்போங் அக்கா:
சுண்ணாம்புதான். சென்னையில் என் நாத்தனார் வீட்டில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட் முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. சிட்ரிக் ஆசிட் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய வயர்மேன்:
லேபிளைக்கூடப் படிக்காமல் கேட்டால் யார் பதில் சொல்வது? இதை இங்கே பலமுறை சொல்லியாகிவிட்டது. அக்கா, சென்னை போர் தண்ணீர் வேறு. செந்தூல் இருக்கும் கோலாலம்பூருக்குப் பெரும்பாலும் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர், உப்புக் குறைவு. மஞ்சள் என்றால் துருவும் வண்டலும். தண்ணீர் வெட்டு முடிந்து திறக்கும்போது பைப்பில் கிடந்ததெல்லாம் கிளம்பி வந்து டேங்க் அடியில் தங்கும்.

கெப்போங் அக்கா:
பத்துமலையே சுண்ணாம்புக் குன்றுதானே?

பழைய வயர்மேன்:
குன்று பக்கத்தில் இருந்தால் குழாயில் சுண்ணாம்பு வந்துவிடுமா?

செந்தூல்வாசி:
25 லிட்டர், 1500 வாட். சுடுதண்ணீரில் மட்டும்தான் மஞ்சள்.

ராவாங் தம்பி:
அப்படியென்றால் கோளாறு டேங்குக்குள்தான். 28 டிகிரித் தண்ணீர் 60 டிகிரி ஆக சுமார் 37 நிமிடம் போதும். ஆனால் வண்டல் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். எலிமென்ட் வண்டலில் புதைந்தாலும் அதே 1500 வாட்டைத்தான் இழுக்கும், அந்தச் சூடு தண்ணீருக்குத்தான் போகும். எலிமென்ட் அதிகம் காய்ந்து சீக்கிரம் கருகும், அது வேறு விஷயம். வண்டல் சூட்டில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் முன்கூட்டியே கரண்டை வெட்டுகிறதா? தண்ணீர் சூடாவதற்குள் ஹீட்டர் விளக்கு அணைகிறதா?

பழைய வயர்மேன்:
கணக்குப் போட்டால் ஹீட்டர் சரியாகாது தம்பி. வடித்துவிட்டால் போதும்.

ராவாங் தம்பி:
தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் எத்தனை முறை வடித்தும் பயனில்லை, அண்ணே.

ஆயர் ஈத்தாம் குமரி:
சண்டை அப்புறம். பாதுகாப்பை யாருமே சொல்லவில்லையே! முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் ஆறட்டும். உள்வரும் வால்வை மூடி, சுடுகுழாயைத் திறந்து, அப்புறம் வடியுங்கள். திரும்ப நிரம்பிச் சுடுகுழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை சுவிட்ச் போடவே கூடாது, எலிமென்ட் எரிந்துபோகும். ஆசிட் வேண்டாம். மூடியைத் திறப்பதென்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். குளியலறை லைனுக்கு 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கைத் துருவிலிருந்து காப்பது உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பி. அது கரைந்திருந்தால் அடுத்து டேங்க்தான் ஓட்டையாகும்.

செந்தூல்வாசி:
விளக்கு சீக்கிரமே அணைந்தது, உண்மைதான். லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவர் வந்து வடித்தார், செம்மண் மாதிரி கொட்டியது. தெர்மோஸ்டாட்டும் மாற்றினார். இப்போது முக்கால் மணிக்குள் சூடாகிறது. கம்பி பென்சில் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, பொருந்துவது கடையில் இல்லையாம். அம்மா வந்துவிட்டார். நன்றி.

ஆயர் ஈத்தாம் குமரி:
கம்பியின் நீளமும் மரையின் அளவும் போடுங்கள், இங்கே பினாங்கில் தேடித் தருகிறேன்.

ராவாங் தம்பி:
செந்தூல்வாசி, கம்பி அளவு?