ரஷ்யர்களுக்கு ஆங்கிலம்: கதைக்குச் சிரிக்கிறார்கள், சொல் மட்டும் மனதில் நிற்கவில்லை

கசான்வாசி எழுதியது:

வணக்கம். கணவரின் வேலைக்காக ரஷ்யாவில் கசான் நகரத்துக்கு வந்து இது நான்காவது வருடம். எங்கள் கட்டடத்தில் இருக்கும் மூன்று பெண்களுக்கு வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒருவர் மருந்துக்கடையில் வேலை செய்கிறார், ஒருவர் கணக்கு எழுதுபவர். மூன்றாமவர் ஒரு பாட்டி. கனடாவில் பிறந்த பேரனுக்கு ரஷ்ய மொழி சரியாக வராது. அவனோடு பேசவேண்டும் என்பதற்காகவே வருகிறார். வகுப்பு நடப்பது என் சமையலறை மேசையில், தேநீரோடு.

மூவருமே பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்தான். ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும், பள்ளி ஆங்கிலத்தில் மிச்சம் இருப்பது 'லண்டன் இஸ் தி கேப்பிடல் ஆஃப் கிரேட் பிரிட்டன்' என்ற ஒரே வாக்கியம்தான். முதலில் வகுப்புக்கு இருபது சொல் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நாலுகூட நிற்கவில்லை. அப்புறம் நானே சின்னச் சின்ன நகைச்சுவைக் கதைகள் எழுத ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு வரி, அதில் பன்னிரண்டு புதுச் சொல். துணுக்கு என்றால் ரஷ்யர்களுக்கு உயிர். 'அனெக்தோத்' என்பார்கள். மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

ஒரு கதை சொல்கிறேன். ஒருவர் பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கிக் கூரை ஏறுகிறார். ஐந்து மணிக்குத் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஐந்து அடித்ததும் ஏணிக்குச் சொந்தக்காரர் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், இவர் கூரைமேலேயே இருக்கிறார். ஒரு வாரம் கழித்துப் பாட்டி இந்தக் கதையை நடித்தே காட்டினார், ஒரு வரி விடாமல், ரஷ்ய மொழியில். 'ஏணிக்கு ஆங்கிலத்தில் என்ன?' என்றேன். விழித்தார். மூவருக்குமே நினைவில்லை.

எங்கே தப்பு? கதை போதவில்லையா, சொல் அதிகமா? இலியா ஃப்ராங்க் முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ரஷ்ய அர்த்தம் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார் கணக்கு எழுதுபவர். போடலாமா?

செட்டிகுளம் டீச்சர் எழுதியது:

தங்கச்சி, கூடங்குளத்தில் முதல் இரண்டு அணு உலைகளையும் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், செட்டிகுளம் குடியிருப்பில் இருந்த ரஷ்யக் குடும்பங்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் சொல்வது அப்படியே எனக்கும் நடந்தது. காரணம் புரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

உங்கள் ஏணிக் கதை நல்ல கதை. ஆனால் அதில் சிரிப்பு வருவது ஏணி என்ற பொருளால். 'லேடர்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. ஏணியை ரஷ்யச் சொல்லால் சொன்னாலும், தமிழில் சொன்னாலும் அதே சிரிப்புதான். மனசு கதையை வைத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடுகிறது. சொல் நிற்கவேண்டும் என்றால், அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் சிரிப்பே வரக்கூடாது. கதையை அப்படிக் கட்டவேண்டும்.

இதே கதையை மாற்றிப் பார்ப்போம். ரஷ்ய மொழியில் ஏணிக்கும் மாடிப்படிக்கும் ஒரே சொல், 'லெஸ்னித்ஸா'. அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரஷ்யர் லண்டனில் குடியேறுகிறார். பல்பு மாற்றவேண்டும். அகராதியில் 'லெஸ்னித்ஸா'வுக்கு முதலில் இருக்கும் 'ஸ்டேர்ஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், 'உங்கள் ஸ்டேர்ஸைக் கொஞ்சம் இரவல் தருவீர்களா? ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்' என்கிறார். வீட்டுக்காரர் திரும்பித் தன் மாடிப்படியைப் பார்க்கிறார். 'தரலாம். ஆனால் என் மாமியார் மேலே தூங்குகிறார், ஐந்து மணிக்குள் கொண்டுவந்துவிடுவீர்கள்தானே?' இப்போது கேட்டுப் பாருங்கள், ஏணி என்ன, படி என்ன என்று. மறக்கமாட்டார்கள்.

ரஷ்யர்களுக்கு இதற்குத் தீனி நிறைய உண்டு. ஆங்கிலச் சொல் மாதிரியே ஒலித்து வேறு அர்த்தம் தரும் சொற்கள் அவர்கள் மொழியில் ஏராளம். 'மகஸீன்' என்றால் கடை. 'ஃபமீலியா' என்றால் குடும்பப் பெயர். 'லுனாத்திக்' என்றால் தூக்கத்தில் நடப்பவர், பைத்தியம் இல்லை. 'அங்கீனா' என்றால் தொண்டை அழற்சி. இந்தக் கடைசிச் சொல்லில்தான் என் மிகச் சிறந்த கதை. காய்ச்சலோடு ஒரு ரஷ்யர் லண்டனில் டாக்டரிடம் போய் 'எனக்கு ஆஞ்ஜைனா' என்கிறார். ஆங்கிலத்தில் அது நெஞ்சுவலி. நர்ஸ் ஓடிவருகிறார், சட்டையைக் கழற்றுகிறார்கள், ஈசிஜி ஒயர் ஒட்டுகிறார்கள். இவரோ வாயை ஆவென்று திறந்து, 'இங்கே பாருங்கள், இங்கே!' என்று தொண்டையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். 'ஸோர் த்ரோட்' என்ற இரண்டு சொல்லையும் இந்தக் கதை சொன்ன பிறகு என் வகுப்பில் ஒருவர்கூட மறந்ததில்லை.

ஒரு கதைக்கு மூன்று சொல் போதும். பன்னிரண்டு ரொம்ப அதிகம். அந்த மூன்றும் கதைக்குள் இரண்டு மூன்று தடவை திரும்ப வரட்டும்.

பழைய மாஸ்கோ மாணவன் எழுதியது:

டீச்சர் சொன்னதை நான் மாஸ்கோவில் என் அறைத்தோழனிடமே பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாம் தமிழர் என்பது இதில் பெரிய வசதி. ரஷ்யனுக்கு எங்கே இடறுமோ பல இடங்களில் நமக்கும் அங்கேதான் இடறும்.

நாம் 'கை' என்கிறோம், தோள் முதல் விரல் வரை. அவர்கள் 'ருக்கா' என்பதும் அப்படியே. ஆங்கிலேயனுக்குத்தான் அது ஹேண்ட் வேறு, ஆர்ம் வேறு. கால் என்பதற்கு 'நகா', அங்கேயும் லெக், ஃபுட் பிரிவு கிடையாது. கைவிரல், கால்விரல் இரண்டுக்கும் நம்மைப் போலவே ஒரு சொல். கைக்கடிகாரத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் ஒரு சொல். ஒரு ரஷ்யனையும் தமிழனையும் ஆங்கிலேயனையும் உட்கார வைத்து 'உனக்கு எத்தனை விரல்?' என்று கேட்டால், முதல் இருவரும் இருபது என்பார்கள், மூன்றாமவன் பத்து என்பான். கதை தானே வந்துவிட்டது பாருங்கள்.

'எ', 'தி' சிக்கலும் அப்படித்தான், இரண்டு மொழியிலும் அவை இல்லை. அதற்கு நம் பாட்டி கதையே வழி. 'ஒரு ஊரிலே ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு...' முதல் தடவை 'ஒரு', அடுத்த தடவை 'அந்த'. கதை சொல்லச் சொல்ல அது காதில் ஏறிவிடும். விதியாகச் சொன்னால் ஏறாது.

மெதுவாசகி எழுதியது:

ஃப்ராங்க் முறை பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நான் அந்த முறையில் அச்சான புத்தகங்களை வைத்துப் படித்தவள். ஒரு பத்தி அடைப்புக்குறி அர்த்தங்களோடு வரும், அதே பத்தி அடுத்து அவை இல்லாமல் வரும். நீளமான நாவலுக்கு அருமையான முறை, அகராதி புரட்டும் சலிப்பே இல்லை. நகைச்சுவைக்கு ஒரு இடத்தில் உதைக்கும். கடைசி வரியின் அர்த்தம் அடைப்புக்குறிக்குள் முன்னாலேயே கிடந்தால், கண் அங்கே ஓடிவிடும், சிரிப்பு வராமல் போய்விடும். அதனால் மற்ற வரிகளுக்குப் போடுங்கள், கடைசி வரியை மட்டும் வெறும் ஆங்கிலத்தில் விடுங்கள். அவர்களே முட்டி மோதிப் புரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்று, எல்லாச் சொல்லும் இதில் அடங்காது என்பதையும் சொல்லவேண்டும். 'ஆல்தோ', 'அன்லெஸ்' மாதிரிச் சொற்களுக்குக் கதை கட்டப் பார்த்து நான் தோற்றிருக்கிறேன். அவற்றுக்கு வாக்கியப் பயிற்சிதான்.

கசான்வாசி எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செவ்வாய்க்கிழமை மாடிப்படிக் கதை, வியாழக்கிழமை ஆஞ்ஜைனா கதை. கடைசி வரிக்கு அர்த்தம் போடவில்லை. முதலில் ஒரு நிமிடம் அமைதியாக இருந்தார்கள். முதலில் புரிந்தது மருந்துக்கடைக்காரருக்கு, சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்திவிட்டது. தொண்டை மாத்திரை கேட்டு 'அங்கீனா' என்று வருபவர்களைத் தினமும் பார்க்கிறார் அல்லவா. நெஞ்சுவலிக்கு அவர்கள் சொல் 'ஸ்தெனகர்தீயா' என்று எனக்கும் ஒரு பாடம் நடத்தினார்.

பாட்டிக்கு விரல் கதையைத் தனியாகச் சொன்னேன். ஞாயிறு இரவு பேரனோடு வீடியோவில் பேசும்போது, 'எத்தனை விரல் உனக்கு?' என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். பத்து என்றானாம். உடனே கம்பளிக் காலுறையைக் கழற்றி, பாதத்தைக் கேமரா முன்னால் தூக்கிக் காட்டி, 'அப்போ இதெல்லாம் என்ன?' என்றாராம். 'டோஸ், பாபுஷ்கா, டோஸ்!' என்று அவன் உருண்டு உருண்டு சிரித்தானாம். திங்கள் காலை எட்டு மணிக்கே என் கதவைத் தட்டி, அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.