மாமாவின் கூத்துகள் இருக்கிற பழைய கொம்பியூட்டர்: மூண்டு தரம் கத்துது, திரை வருதில்ல

களுதாவளைப் பிள்ளை:

வணக்கம். எங்கட மாமா கூத்துப் பழக்கிற அண்ணாவியார். வடமோடி எண்ட வகைக் கூத்துகள் கொஞ்சத்தை, 2008இல வாங்கின கொம்பியூட்டரில தானே இருந்து அடிச்சு வெச்சவர். கையெழுத்துக் கொப்பிகள் 2011 தை மாத வெள்ளத்தில நனைஞ்சு மை கரைஞ்சு போச்சு. மாமாவும் இப்ப இல்ல. அந்தத் தருவும் விருத்தமும், கூத்துப் பாட்டெல்லாம் மிஞ்சிக் கிடக்கிற ஒரே இடம் இந்தப் பெட்டிதான்.

கோர் 2 டுவோ, ஒரு ஜிபி ரேம் ரெண்டு, 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. கன காலமா சீலை மூடிக் கிடந்தது. பவர் போட்டா காத்தாடி சுத்துது, மூண்டு தரம் பீப் எண்டு கத்துது, மொனிட்டர் கறுப்பாவே நிக்குது. கேசிங்கைத் தொட்டா கை சுள்ளெண்டுது. ஒரு கடையில காட்ட, "போர்மட் பண்ணிப் புதுசாப் போட்டுத் தாறம்" எண்டாங்க. தூக்கிக்கொண்டு வந்திட்டன். பிள்ளைகளுக்குப் பழக்கி அரங்கேற்ற வேணும். என்ன செய்யலாம்?

கல்லடி அண்ணன்:

தங்கச்சி, தூக்கிக்கொண்டு வந்ததுதான் சரியான வேலை. முதல்ல டிஸ்க், மறுகாத்தான் பெட்டி. இனி அந்த டிஸ்க்கைப் பூட்டி வெச்சுக்கொண்டு பவர் போடவே வேணாம். நாள்பட்டுக் கிடந்த டிஸ்க்கை ஒவ்வொரு தரம் சுத்த விடுறதும் ஆபத்து. அதுவும் எக்ஸ்பி தொடங்கினா தன்ர பாட்டில எதையாவது எழுதும்.

பக்கப் பலகையைக் கழட்டி, டிஸ்க்கில இருக்கிற ரெண்டு வயரையும் உருவி வெளியில எடுங்க. அந்த டிஸ்க்கை லப்டொப்பின்ர யூஎஸ்பியில குத்திற சாட்டா - யூஎஸ்பி அடப்டர் ஒண்டு வாங்குங்க. தனி 12 வோல்ட் பவர் உள்ளதா இருக்க வேணும், லப்டொப் டிஸ்க்குக்கு விக்கிற சின்ன வயர் மேசைக் கொம்பியூட்டர் டிஸ்க்கைச் சுத்தாது. லப்டொப்பில குத்தினதும் "போர்மட் செய்யவா" எண்டு கேட்டா, உயிர் போனாலும் ஓம் எண்டு குடுக்காதீங்க. டக்கு டக்கெண்டு சத்தம் வந்தா உடன நிப்பாட்டிப் போட்டு இஞ்ச எழுதுங்க. சத்தம் இல்லாட்டி சி டிரைவில "டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்" எண்ட கோப்புறையை முழுசாக் கொப்பி பண்ணுங்க, மாமாவின்ர பைல்கள் அதுக்குள்ளதான் இருக்கும். டெஸ்க்டொப்பில போட்டு வெச்சதும் அதுக்குள்ளதான் வரும். டி டிரைவ் இருந்தா அதையும் விடாதீங்க.

இனிப் பெட்டி. காத்தாடி சுத்த மூண்டு பீப் வந்தா அநேகமா ரேம். கடற்கரைப் பக்கம் நம்மட வீடுகளில உப்புக் காத்து ரேமின்ர பல்லில, அதான் பொன் நிறக் கீழ் விளிம்பில படிஞ்சு, மின்சாரம் சரியாப் போகாது. பிளக்கைக் கழட்டிப் போட்டு ரேம் ரெண்டையும் எடுங்க, பல்லைச் சுத்தமான அழிறப்பரால மெதுவா ஒரே திசையில தேயுங்க. பொன் முலாம் மெல்லிசு, அழுத்தாதீங்க. ஐசோப்ரொப்பைல் அல்ககோல் கிடைச்சா இன்னும் நல்லம். மறுகா ஒண்டை மட்டும் பூட்டிப் பாருங்க. புதுசு வாங்கிறதெண்டா டிடிஆர் 2தான் எண்டு கேட்டு வாங்குங்க. டிடிஆர் 3க்கும் 240 பின்தான், ஆனா வெட்டு வேற இடத்தில, பூட்டேலாது.

கை சுள்ளெண்டுறது எர்த் இல்லாததால. பவர் சப்ளைக்குள்ள இருக்கிற வடிகட்டியால கொஞ்சம் மின்சாரம் கேசிங்குக்குக் கசியும், எர்த் இருந்தா அது நிலத்துக்குப் போயிடும். மூண்டு பின் பிளக், எர்த் உள்ள சொக்கட், ரெண்டும் வேணும். பின்னால சின்னச் சிவப்புச் சுவிட்ச் இருந்தா 230இல நிக்குதா எண்டு பாருங்க. 115இல நிண்டா நம்மட கரண்டுக்கு வெடிச்சிடும். பவர் சப்ளையை மட்டும் திறக்க வேணாம், பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்க மின்சாரம் நிக்கும்.

களுதாவளைப் பிள்ளை:

அண்ணா, டிஸ்க் ஓடுது! சத்தமே இல்ல. எல்லாம் கொப்பி பண்ணிட்டன். ரேம் ஒண்டைத் துடைச்சுப் பூட்ட மொனிட்டரும் வந்திட்டு, ஆனா திகதி 2007 எண்டு காட்டுது. பெரிய பிரச்சினை, வேர்ட் பைலைத் திறந்தா எல்லாம் இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடக்கு. பழுதாப் போச்சா?

சம்மாந்துறை நானா:

தங்கச்சி, பயப்படாதீங்க, ஒண்டும் பழுதாகல்ல. அது பாமினி எண்ட தமிழ் எழுத்துரு. அந்தக் காலம் நம்மட பக்கத்தில முக்கால்வாசிப் பேர் அதிலதான் அடிச்ச. பாமினியில "அம்மா" எண்டு அடிச்சா, எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டுதான் தெரியும். பாமினியை இறக்கிப் போட்டாத் தமிழ் வந்திரும். ஆனா அதோட விட்டிராதீங்க, எல்லாக் கொம்பியூட்டரிலயும் போனிலயும் தெரியிற யுனிகோடுக்கு மாத்துங்க. மாத்திற கருவிகள் இணையத்தில சும்மா கிடைக்கும். போனில வாசிக்கவும் ஒரு சொல்லைத் தேடிப் புடிக்கவும் அப்பதான் ஏலும். இடையில இங்கிலீசுச் சொல் இரிந்தா அதுவும் தமிழெழுத்தா மாறிக் குழம்பும். அதால மாத்தின பிரதியை, கூத்து ஆடின ஆள் ஒருத்தரை வெச்சு வரி வரியாப் பாடிப் பாருங்க, சந்தம் உடையிற இடத்தில பிழை தெரியும். மூல பைலை அழிக்காதீங்க.

கல்லடி அண்ணன்:

திகதி பிழைச்சது மதர்போர்ட் பற்றரி செத்ததால. சிஆர் 2032, 3 வோல்ட், மணிக்கூட்டுக் கடையில கிடைக்கும். எக்ஸ்பியோட இணையத்துக்குப் போக வேணாம், அதுக்கு 2014 ஏப்ரலோட பாதுகாப்புத் திருத்தம் நிண்டு போச்சு. மாமாவின்ர டிஸ்க்கைத் திரும்பப் பூட்டாமல் பத்திரமா வையுங்க. அதுக்குப் பதிலா எஸ்எஸ்டி எண்ட சுத்தாத சின்ன டிஸ்க் ஒண்டு பூட்டி, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எப்சிஈ போட்டா, ரெண்டு ஜிபி ரேமுக்கும் பிள்ளைகள் கூத்து அடிச்சுப் படிக்கக் காணும். கொப்பி பண்ணினதை இண்டைக்கே ஒரு பென் டிரைவிலயும், வேற ஒரு வீட்டிலயும் போட்டு வையுங்க.